ஊர்ச் சொத்தில் கூட்டு வியாபாரம்: கணக்குக் கேட்பது யார்?

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்கு நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் குடும்பத்துடையது, பணமும் வேலையாட்களும் பில்டருடையவை. இரண்டு கிரவுண்டு நிலத்தைக் கொடுத்தவருக்குப் பாதி ஃபிளாட், கட்டியவருக்குப் பாதி என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வார்கள். கூடவே ஒரு பவர் பத்திரமும் போகும். குடும்பத்தில் மூத்தவர் கையெழுத்துப் போடுவார். மற்ற பங்காளிகள், "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துப் பால் காய்ச்சும் நாளில்தான், பாதிக்குப் பாதி என்பது எப்போதோ அறுபதுக்கு நாற்பது ஆகிவிட்டது என்று தெரியவரும். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்ததாம், செலவு கூடியதாம், நடுவில் ஒரு துணை ஒப்பந்தம் போட்டார்களாம். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அன்றைக்கு யாரிடம் கேட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இந்தக் கதையை ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நிலம் கொடுப்பது உள்ளாட்சி மன்றம். கட்டுவது தனியார் நிறுவனம். பங்காளிகள் அந்த ஊரில் வரி கட்டும் லட்சக்கணக்கான பேர். நொடித்துப்போன தொழில்நகரத்தை மீட்க, பழைய துறைமுகத்தைப் புதுப்பிக்க, வீடும் கடையும் வேலையும் கொண்டுவர என்று இப்படிச் சேர்ந்து தொழில் செய்வதைத்தான் பொருளாதாரப் புத்துயிர்ப்புக் கூட்டு என்கிறார்கள். அந்தப் பங்காளிகள் சார்பில் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டியவர் யார், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்த வேலைக்கென்றே சட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. அது தன் வேலையைச் செய்த இடமும், செய்ய முடியாமல் போன இடமும் ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன.

அணைந்த உலையும் மிஞ்சிய நிலமும்

வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ரெட்கார். சிட்னி துறைமுகப் பாலத்தின் எஃகில் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய இரும்புத் தொழில் அது. இங்கே இருந்த உலையை டாடா நிறுவனம் 2010இல் நிறுத்திவைத்தது. 2011இல் தாய்லாந்தைச் சேர்ந்த எஸ்எஸ்ஐ அதை வாங்கி, 2012இல் மறுபடி மூட்டியது. உலக சந்தையில் எஃகின் விலை சரிந்தபோது அதுவும் நிலைக்கவில்லை. 2015 அக்டோபரில் ஆலை மூடப்பட்டது. ஒரே வீச்சில் சுமார் 2,200 பேருக்கு வேலை போனது.

உலை அணைந்தது, செலவு அணையவில்லை. ஆற்றங்கரை முழுக்கத் துருப்பிடித்த குழாய்கள், கரி உலைகள், ரசாயனம் ஊறிய மண். சும்மா விட்டால் ஆபத்து. காவல் போட்டால் காசு. சுத்தம் செய்யவோ பெருந்தொகை வேண்டும். அந்தப் பகுதியை மீட்பதற்காக வரையப்பட்ட எல்லைக்குள் சுமார் 4,500 ஏக்கர் அடங்கியது.

இந்த இடத்தில்தான் கூட்டு என்ற யோசனை வருகிறது. உள்ளாட்சி அமைப்பிடம் இருப்பவை மூன்று: நிலம், அல்லது நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம், குறைந்த வட்டிக்குக் கடன், மத்திய அரசிடம் மானியம் கேட்கும் தகுதி. இல்லாதவையும் மூன்று: தொழிற்சாலைகளைக் கூட்டிவரும் வியாபாரத் தொடர்பு, நிலத்தை விற்று லாபம் பார்த்த அனுபவம், நஷ்டம் வந்தால் தாங்கும் துணிச்சல். தனியாரிடம் பின்னவை இருக்கின்றன என்பது நம்பிக்கை. இரண்டையும் சேர்த்தால் ஊர் எழும்பும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் கடைசியில் சொன்ன அந்தத் துணிச்சல் உண்மையிலேயே தனியாரிடமிருந்து வருகிறதா, அல்லது நஷ்டம் மட்டும் ஊருக்கும் லாபம் மட்டும் அவர்களுக்குமா என்பதைத்தான் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டீஸ் பகுதியில் இந்தக் கூட்டு எப்படி அடுக்கடுக்காக எழுந்தது என்று பாருங்கள். 2016இல் டார்லிங்டன், ஹார்ட்டில்பூல், மிடில்ஸ்பரோ, ரெட்கார்-கிளீவ்லாண்ட், ஸ்டாக்டன் ஆகிய ஐந்து கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், சேர்ந்து டீஸ் வேலி ஒருங்கிணைந்த ஆணையம் என்ற ஓர் அமைப்பு உருவானது. 2017இல் அதற்கு நேரடித் தேர்தலில் ஒரு மேயர் வந்தார்: கன்சர்வேடிவ் கட்சியின் பென் ஹௌச்சன். அதே ஆண்டு ஆகஸ்டில் உலை நிலத்துக்கென்று சவுத் டீஸ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. லண்டனுக்கு வெளியே மேயரின் கீழ் அமைந்த முதல் வளர்ச்சிக் கழகம் அது. அதற்கும் தலைவர் மேயர்தான். 2020இல் அந்தக் கழகம், உள்ளூர் நில மேம்பாட்டாளர்கள் இருவரின் தரப்போடு சேர்ந்து டீஸ்வொர்க்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தில் இறங்கியது. பங்கு பாதிக்குப் பாதி.

ரெட்காரில் ஒரு தெருவில் குடியிருப்பவர், தன் ஊர் நிலத்துக்கு என்ன ஆனது என்று கேட்கக் கிளம்பினால் அவர் நடக்க வேண்டிய தூரத்தை எண்ணிப் பாருங்கள். அவர் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தது கவுன்சில் தலைவரை. அந்தத் தலைவர் உட்காருவது ஆணையத்தின் நிர்வாகக் குழுவில். ஆணையத்தின் கீழ் கழகம். கழகத்தின் பங்கு நிறுவனத்தில். பத்திரம் கையெழுத்தாவதோ அந்தக் கடைசி அறையில். ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. கழகம் இருந்தால் திட்ட அனுமதிகள் வேகமாக நகரும். நிறுவனம் இருந்தால் கடன் சுமை கவுன்சில் கணக்கை நேரடியாகத் தொடாது. எல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது.

கேள்வி கேட்பதையே வேலையாகக் கொண்ட குழு

இங்கிலாந்தின் கவுன்சில்கள் முன்பு குழுக்களால் நடந்தன. கல்விக்கு ஒரு குழு, வீட்டுவசதிக்கு ஒரு குழு என்று எல்லா உறுப்பினர்களும் ஏதோ ஒரு முடிவில் கைதூக்கினார்கள். 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதை மாற்றியது. பெரும்பாலான கவுன்சில்களில் தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு கேபினட் முடிவெடுக்கும். மற்ற உறுப்பினர்கள் அந்த முடிவுகளை ஆராய்வார்கள் என்று வேலை இரண்டாகப் பிரிந்தது. ஆராய்பவர்களுக்கு வைத்த பெயர் மேற்பார்வை மற்றும் ஆய்வுக் குழு. கேபினட்டில் இருப்பவர் இந்தக் குழுவில் உட்கார முடியாது. தான் எடுத்த முடிவுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாதல்லவா?

குழுவால் என்ன செய்ய முடியும்? கேபினட் உறுப்பினரையும் அதிகாரிகளையும் வரவழைத்துக் கேட்கலாம். அவர்கள் வந்தே ஆக வேண்டும். ஆவணங்கள் கேட்கலாம். வெளியிலிருந்து நிபுணர்களை, குடியிருப்போரை அழைத்துச் சாட்சியம் வாங்கலாம். அறிக்கை எழுதலாம், கேபினட் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருவி: முடிவு எடுத்த பிறகும் அது நடைமுறைக்கு வருமுன் தடுத்து நிறுத்தி, "இதை மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். பெரும்பாலான ஊர்களில் இதற்கு ஐந்து வேலை நாள்தான் அவகாசம். கோர்ட்டில் தடையுத்தரவு வாங்குவதுபோல என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பி அனுப்பிய முடிவையே கேபினட் மறுநாள் அப்படியே உறுதி செய்யலாம். குழுவால் ரத்து செய்ய முடியாது. அதன் பலம் முழுவதும், மூடிய அறையில் சொல்லாத காரணத்தைத் திறந்த அறையில் சொல்லவைப்பதில்தான் இருக்கிறது.

பல ஊர்களுக்குப் பொதுவான ஒருங்கிணைந்த ஆணையங்களில் விதிகள் இன்னும் கறாரானவை. ஆய்வுக் குழுவின் தலைவர் மேயரின் கட்சிக்காரராக இருக்கக் கூடாது. கூட்டம் செல்லுபடியாக மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். பதினைந்து பேர் குழு என்றால் பத்துப் பேர். காகிதத்தில் இது நல்ல கண்டிப்பு. நடப்பில், வேலைக்குப் போய்க்கொண்டே கவுன்சிலராக இருப்பவர் பக்கத்து ஊரின் கூட்டத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது பேர் வந்து காத்திருந்து கலைந்தால் அன்றைக்குக் கேள்வியே இல்லை. கண்டிப்பான விதி சில சமயம் கண்காணிக்கப்படுபவருக்கே உதவி செய்துவிடும்.

பிங்க் காகிதம்

ஒரு கூட்டத்தைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்ப்போம். மாலை நேரம், நகர மன்ற அறை. நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் முழுதாக ஐந்து வேலை நாளுக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும், வெளியாகியும் இருக்கின்றன. இருநூறு பக்கம் இருக்கலாம். கவுன்சிலர் அதில் நாற்பதைப் படித்திருக்கலாம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் கூட்டுத் திட்டத்தின் நிதி நிலவரம். அந்த இடம் வந்ததும் தலைவர் ஒரு தீர்மானத்தை வாசிக்கிறார்: அடுத்து வருவது வணிக ரகசியம் அடங்கியது என்பதால் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் வெளியேற வேண்டும். கைகள் உயர்கின்றன. பார்வையாளர் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையும் உள்ளூர் நிருபரும் பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேரலை கேமரா அணைகிறது. கவுன்சிலர்கள் தனியாகக் கொடுத்த தாள்களைப் பிரிக்கிறார்கள். பல கவுன்சில்களில் அந்தத் தாளின் நிறம் பிங்க். தவறி வெளியே போய்விட்டால் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.

இதற்கு ஆதாரம் 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். ஒருவருடைய நிதி அல்லது வணிக விவகாரம் பற்றிய தகவலைப் பொதுவில் வைக்காமல் தவிர்க்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: மறைப்பதால் வரும் பொது நன்மை, வெளியிடுவதால் வரும் நன்மையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை யாராவது எழுந்து கேட்காத வரை பிங்க் காகிதம் பெருகிக்கொண்டே போகும். பேரம் நடக்கும்போது விலையை மறைப்பது நியாயம். எதிர்த்தரப்புக்கு நம் கையில் இருக்கும் சீட்டைக் காட்டிக்கொண்டு ஆட முடியாது. பேரம் முடிந்து மூன்று வருடம் ஆன பிறகும் லாபம் எப்படிப் பிரிகிறது என்பதை மறைத்தால், அது எந்த வணிகத்தின் ரகசியம்?

கூட்டு நிறுவனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இயக்குநர் குழுவில் கவுன்சில் தரப்பு ஆட்களும் இருப்பார்கள். நிறுவனச் சட்டப்படி இயக்குநரின் விசுவாசம் நிறுவனத்துக்கு. கவுன்சிலருடைய விசுவாசம் ஊருக்கு. இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் என்றால், ஆய்வுக் குழுவில் கேட்கும் கேள்விக்கு அவர் எந்த நாற்காலியிலிருந்து பதில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். "அதை நிறுவனத்திடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, நிறுவனத்திடம் போனால் "அது கவுன்சில் சொல்ல வேண்டியது" என்று வருமானால், கேள்வி பந்தாகிவிட்டது என்று அர்த்தம்.

பாதி தொண்ணூறு ஆனது

ரெட்காருக்குத் திரும்புவோம். 2021 இறுதியில் டீஸ்வொர்க்ஸ் நிறுவனத்தில் தனியார் தரப்பின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக மாறியது. பொதுத்தரப்பின் கையில் மிஞ்சியது 10. சுங்கச் சலுகையுள்ள கட்டற்ற துறைமுகப் பகுதியாக அந்த இடம் அறிவிக்கப்பட்டதையடுத்து நிலைமை மாறிவிட்டது, இனி நிலத்தை மேம்படுத்தும் சுமையையும் பொறுப்பையும் தனியாரே ஏற்றுக்கொள்கிறார்கள், அதற்கு ஈடு இது என்பது சொல்லப்பட்ட காரணம். அஸ்திவாரத்தில் பாறை வந்த கதையின் பெரிய வடிவம். காரணம் சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த மாற்றம் ஐந்து கவுன்சில்களின் தலைவர்கள் உட்காரும் ஆணையத்தின் முன் ஒப்புதலுக்கு வரவில்லை என்பதுதான் நம் தலைப்புக்கு வேண்டியது.

2023இல் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அன்றைய அமைச்சர் மைக்கேல் கோவ் மூன்று பேர் கொண்ட சுதந்திர ஆய்வுக் குழுவை நியமித்தார். லங்காஷயர் கவுன்டி கவுன்சிலின் அப்போதைய தலைமை நிர்வாகி ஆஞ்சி ரிட்ஜ்வெல் அதன் தலைவர். தேசியத் தணிக்கை அலுவலகத்திடம் ஒப்படைக்காமல் தனிக் குழுவை ஏன் போட்டார்கள் என்றும் அப்போது சண்டை நடந்தது. 2024 ஜனவரி இறுதியில் அறிக்கை வந்தது.

ஊழலுக்கோ சட்டவிரோதத்துக்கோ ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அறிக்கை. அதே மூச்சில், பொதுப்பணத்துக்குத் தகுந்த பலன் கிடைத்தது என்று காட்டும் அளவுக்கு வெளிப்படைத்தன்மையும் மேற்பார்வையும் அந்த அமைப்பில் இல்லை என்றும் சொன்னது. கூட்டாளிகளைப் போட்டி டெண்டர் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. முடிவுகள் மிகச் சிலர் கையில் இருந்தன. தனியார் தரப்பு அதுவரை நேரடியாகப் பணம் போடவில்லை. பங்காதாயமாகவும் பிறவாகவும் அவர்களுக்குச் சென்றது சுமார் 4.5 கோடி பவுண்டு. இடித்த இரும்பை விற்ற பணம் இந்த வரவில் முக்கியமானது. மொத்தம் 28 பரிந்துரைகள். கழகம் எடுக்கும் பெரிய முடிவுகள் ஆணையத்தின் ஆய்வுக் குழு பார்வைக்கு வரும்படி அதிகாரப் பங்கீட்டைத் திருத்துங்கள் என்பது அவற்றில் ஒன்று.

அன்று மாலையே இரண்டு தரப்பும் வெற்றி என்றன. மேயர் தரப்பு முதல் வரியைப் படித்தது, எதிர்த்தரப்பு மற்ற வரிகளைப் படித்தது. எனக்கு இந்த அறிக்கையில் முக்கியமாகப் படுவது இரண்டு வரிகளுக்கும் இடையே இருக்கும் உறவு. திருட்டு நடக்கவில்லை என்பதும், கணக்கு சரியாக வைக்கப்படவில்லை என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் விஷயங்கள் அல்ல. மேற்பார்வை என்றால் திருடனைப் பிடிப்பது என்று நினைப்பவர்களுக்கு முதல் வரி போதும். நேர்மையாக நடந்தவரே தன் நேர்மையைக் காட்ட முடியாமல் நிற்பதும் மேற்பார்வை இல்லாததால் வரும் நஷ்டம்தான். அது அவருக்குமே நஷ்டம்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. 2022 நவம்பரில் பழைய ஊதுலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடலில் காற்றாலைகளைத் தாங்கும் ராட்சத எஃகுக் குழாய்கள் செய்யும் தென்கொரிய நிறுவனம் சேயா ஆலை கட்டியது. பிரிட்டனின் உள்கட்டமைப்பு வங்கி தன் முதல் கடனாக 10.7 கோடி பவுண்டைக் கொடுத்தது இந்த நிலத்தின் படகுத்துறைக்குத்தான். வேகம் வேண்டியிருந்தது, வேகம் கிடைத்தது என்று சொல்பவர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து தலைவர்கள் முன் ஒரு காகிதத்தை வைத்து ஒரு மாலை நேரம் பேசுவதால் எந்த ஆலை நின்றுபோயிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துக்கு முன்

இதே வேலை வேறு மாதிரி நடந்த இடம் வடக்கு லண்டனில் ஹேரிங்கே. அங்கே கவுன்சில் தன் குடியிருப்புகளையும் வணிகக் கட்டடங்களையும் லெண்ட்லீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டில் இறக்கி, இருபது ஆண்டுகளில் 6,400 வீடுகள் கட்டத் திட்டமிட்டது. சுமார் 200 கோடி பவுண்டு மதிப்புள்ள விஷயம். கவுன்சிலை ஆண்டது லேபர் கட்சி; எதிர்க்கட்சி கைவிரல் விட்டு எண்ணும் அளவு. இப்படிப்பட்ட இடத்தில் மேற்பார்வை தூங்கிவிடும் என்பதுதான் வழக்கம்.

தூங்கவில்லை. ஆளும் கட்சி உறுப்பினர்களே நிறைந்த வீட்டுவசதி ஆய்வுக் குழு, சாட்சியங்களைக் கேட்டு, ஆபத்துகளைப் பட்டியலிட்டு, 2017 ஜனவரியில் திட்டத்தை நிறுத்திவையுங்கள் என்று எழுதியது. இடிக்கப்படும் வீடுகளின் குடியிருப்போர் திரும்பிவர உரிமை என்ன, பாதிக்குப் பாதி என்றால் இரு தரப்பும் ஒத்துப்போகாதபோது என்ன நடக்கும், நடுவில் சந்தை விழுந்தால் சுமை யாருக்கு என்பவை போன்ற கேள்விகள். கேபினட் கேட்கவில்லை. 2017 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. கவுன்சிலர்கள் அந்த முடிவைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். கேபினட் மறுபடி உறுதி செய்தது. குடியிருப்போர் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள், 2018 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அப்படியானால் ஆய்வுக் குழு தோற்றுவிட்டதா? சட்டப்படி, ஆம். ஆனால் அதன் அறிக்கை ஊர் கையில் இருந்தது. வழக்கு நடந்த மாதங்களில் கடைசிக் கையெழுத்து விழவில்லை. கட்சிக்குள்ளேயே வேட்பாளர் தேர்வு இந்தத் திட்டத்தைச் சுற்றி நடந்தது. கவுன்சில் தலைவர் கிளேர் கோபர் மறுபடி போட்டியிடுவதில்லை என்று அறிவித்தார். 2018 மே தேர்தலில் அதே லேபர் கட்சி ஜெயித்தது. ஆனால் வேறு ஆட்கள். ஜூலையில் புதிய கேபினட் திட்டத்தைக் கைவிட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. வீடு கட்டாமல் போனதும் ஒரு செலவுதான். நான் கவனிப்பது காலத்தை. அங்கே கேள்விகள் கையெழுத்துக்கு முன்னால் வந்தன. டீஸ் கரையில் அவை கையெழுத்துக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தன.

மற்ற கண்கள்

கவுன்சிலர்கள் மட்டும் தனியாகக் காவல் நிற்பதில்லை. ஒவ்வொரு கவுன்சிலிலும் சட்டப்படி மூன்று அதிகாரிகள் இருந்தாக வேண்டும்: தலைமை நிர்வாகி, நிதிப் பொறுப்பாளர், முடிவுகள் சட்டத்துக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் கண்காணிப்பு அதிகாரி. நிதிப் பொறுப்பாளர் நினைத்தால் "செலவுக்கு வரவு போதாது" என்று அறிவிப்புக் கொடுத்து அத்தியாவசியமல்லாத புதுச் செலவுகளை நிறுத்த முடியும். 2020இல் தெற்கு லண்டனின் க்ராய்டனில் அது நடந்தது. அங்கே கவுன்சில் தனக்குச் சொந்தமான வீடுகட்டும் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு கடன் கொடுத்திருந்தது. லாபப் பங்காக எதுவும் வந்திருக்கவில்லை. வெளித் தணிக்கையாளர்கள் எழுதிய அறிக்கை, நிலைமையின் தீவிரத்தைப் பற்றிக் கவுன்சில் முழுவதற்குமே கூட்டாகக் கண் தெரியாமல் போயிருந்தது என்ற பொருளில் சொன்னது.

அந்த வெளித் தணிக்கையும் தள்ளாடித்தான் நிற்கிறது. உள்ளாட்சிகளைத் தணிக்கை செய்ய இருந்த தணிக்கை ஆணையம் 2015இல் மூடப்பட்டு, வேலை தனியார் கணக்கு நிறுவனங்களுக்குப் போனது. 2022-23ஆம் ஆண்டுக் கணக்கில், கெடு தேதிக்குள் தணிக்கை முடிந்து வந்தது நூற்றுக்கு ஒன்று. கணக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வந்தால், அதில் கண்டுபிடிக்கும் தவறு வரலாறாகிவிடுகிறது.

கவுன்சிலர் என்ன கேட்க வேண்டும்?

நிதிப் படிப்பு இல்லாத கவுன்சிலருக்கு இவ்வளவையும் எப்படிப் பிடிப்பது என்று மலைப்பு வருவது இயல்பு. கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் எளிய கேள்விகளையே கேட்கிறார்கள். யார் எவ்வளவு பணம் போட்டார்கள், இதுவரை யார் எவ்வளவு எடுத்தார்கள்? இந்த இரண்டு எண்களும் ஒரே தாளில் இல்லாவிட்டால் அதை முதலில் கேட்க வேண்டும். திட்டம் பாதியில் நின்றால் நிலம் யாரிடம் இருக்கும், கடன் யாரிடம் இருக்கும்? ஒப்பந்தத்தை மாற்ற யாருக்கு அதிகாரம், மாற்றினால் எந்தக் கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்விதான் பலரும் விட்டுவிடுவது. முதல் ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், ஆரவாரமாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் வருடத் துணை ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி மட்டத்திலேயே நகர்ந்துவிடும்.

வேலைவாய்ப்பு எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "இத்தனை ஆயிரம் வேலை" என்று திட்ட அறிக்கையில் இருக்கும். அது வந்த வேலையா, வரப்போகும் வேலையா, ஆலை கட்டும் காலத்தில் மட்டும் இருக்கும் வேலையா, பக்கத்து ஊரிலிருந்து இடம் மாறிய வேலையா? நான்கும் நான்கு எண்கள். நான்கையும் ஒரே கூட்டலில் போட்டு மேடையில் வாசிப்பது எல்லா ஊர் அரசியலுக்கும் பொதுவான பழக்கம்.

கேட்ட கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பதில் "அடுத்த கூட்டத்தில் தருகிறோம்" என்றால் அதுவும் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, அந்தக் குறிப்பைத் திறந்து பதில் எங்கே என்று கேட்பது. டீஸ் வேலி ஆணையத்தின் கூட்டங்களும் பொதுமக்கள் உட்காரக்கூடியவைதான். பிங்க் தாள் வரும் வரை.